பவுனு படுத்துத் தூங்கிய மதியங்கள்

வேலு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே உன்னோடு கொஞ்ச மாசம் இருந்துவிட்டு உண்டாகித் திரும்பிய மலருக்கு வளைகாப்பு வைத்திருக்கிறார்கள், லீவு சொல்லியாயிற்று, வருகிறேன் என்றபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த மூச்சிலேயே, மீனம்பாக்கத்தில் இறங்கி நேராக ஆரணிக்குப் போய் மாமனார் வீட்டில் தங்கிவிட்டு அப்படியே அபுதாபிக்குத் திரும்பிவிடுவேன், நீ மட்டும் ஆரணிக்கு வா, அந்த ஆள் வரக்கூடாது என்றாய். அந்த ஆள் என்றால் உன் நைனா. இது என்ன அந்தத் தூரத்துப் பட்டு ஆரணியா, நம் பக்கத்து ஆரணிக்கும் நம் ஊருக்கும் நடுவில் என்ன கடலா இருக்கிறது? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் கண் அசருவதற்குள் வந்துவிடலாம். முதல் பேரப்பிள்ளை வரப்போகிறது. அதன் தாத்தா இங்கே வீட்டில் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வளையல் அடுக்க வரவேண்டுமாம். நன்றாக இருக்கிறது உன் நியாயம்.

இதைப் போனிலேயே உன்னிடம் சொல்லியிருப்பேன். ஆனால் நான் போனில் பேசினால் உன் நைனா எங்கிருந்தாலும் காது இங்கேதான் இருக்கும். அவர் கடைத்தெருவுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நானே போட்டோ பிடித்து அனுப்புகிறேன். என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பெரிதாக்கிப் பார்த்துப் படித்துக்கொள். பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே. முழுவதையும் படி.

பவுனு குதிரை செத்ததிலிருந்து நீ உன் நைனாவோடு பேசுவதில்லை. கொட்டகையில் நீ மாட்டிவிட்டுப் போன கேமராவை அவர் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார் என்கிறாய். நீ கேட்டபோது கேமரா கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொன்னார் என்கிறாய். கடைசி நாளில் ஊர் ஆட்கள் மூங்கிலும் கயிறுமாக வந்து குதிரையைத் தூக்கி நிறுத்தலாம் என்றபோது யாரையும் தொட விடவில்லை என்கிறாய். எல்லாம் உண்மைதான். உனக்கு யார் சொன்னார்களோ, ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. அன்றைக்கு நீ போனில், "நீதான் நைனா அத சாவடிச்ச" என்று கத்தினாய். அவர், "ஆமாண்டா" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நீ இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறாய். அந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பவுனு வந்தபோது நீ அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தாய். ஊத்துக்கோட்டையில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவரிடம் வாங்கியது. பொன்னிறமாக இருந்தது, நீதான் பெயர் வைத்தாய். நம் நிலத்து நெல்லையும் உன் நைனாவின் இரும்பு கம்பெனி வேலையையும் வைத்துக்கொண்டு பிழைக்கிற வீட்டில் குதிரை எதற்கு என்று நான் சண்டை போட்டேன். அவருக்கோ அது ஒரு பைத்தியம். விற்றவர் கயிற்றைக் கையில் கொடுக்கும்போது ஒன்று சொல்லிக் கொடுத்தார். குதிரை நின்றுகொண்டே தூங்கும், அது படுக்கக்கூடாது, படுத்தால் வயிறு முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம், உடனே எழுப்பி நடத்த வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும் என்றார். குதிரை வைத்திருக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள். நாமும் வேதம் மாதிரி பிடித்துக்கொண்டோம்.

அது ஒருமுறை உண்மையாகவும் நடந்தது. நீ எட்டாவது படிக்கும்போது, ஈரத் தவிட்டை அளவில்லாமல் தின்றுவிட்டுப் பவுனு தரையில் விழுந்து புரண்டது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து முனகியது. நீயும் உன் நைனாவும் கயிற்றைப் பிடித்து இழுத்து எழுப்பி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஏரிக்கரையில் நடத்திக்கொண்டே இருந்தீர்கள். நீ அழுதுகொண்டே நடந்தாய். பள்ளிக்கூடம் போகவில்லை, சோறு தின்ன வரவில்லை. சாயந்தரம் அது சாணி போட்டபோது நீ குதித்த குதி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கு அதைப் பிழைக்க வைத்தது நீங்கள் இருவரும்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து பவுனு படுத்தால் உனக்கு உயிர் போய்விடும். சும்மா மண்ணில் புரளப் படுத்தால்கூட ஓடிப்போய் எழுப்பிவிடுவாய்.

உன் கல்யாணத்தின்போது அதற்கு வயதாகிவிட்டது. முதுகு பள்ளம் விழுந்திருந்தது. சத்தியவேடு, நாகலாபுரம் என்று ஆந்திரா வரைக்கும் போய் எத்தனையோ மாப்பிள்ளைகளைச் சுமந்தது, நம் வீட்டு மாப்பிள்ளையையும் சுமக்கட்டும் என்று உன் நைனா ஆசைப்பட்டார். நீ ஏற மாட்டேன் என்றுவிட்டாய். உன் மாலையைக் கழற்றி அதன் கழுத்தில் போட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டபம் வரைக்கும் நடந்தே போனாய். மாப்பிள்ளை நடக்கிறார், குதிரை ஜாலியாக வருகிறது என்று ஆரணிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்று உன்மேல் வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பிராணியின் மேல் உனக்கிருந்த பாசத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். இனி நான் எழுதப்போவதைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்.

நீ அபுதாபிக்குக் கிளம்பும்போது எருமையை விற்றோம். மேய்க்க ஆளில்லை, மலரும் ஆரணியில் அம்மா வீட்டோடு இருக்கப் போய்விட்டாள், எனக்கும் முட்டி வலி, உட்கார்ந்து பால் கறக்க முடியவில்லை. மூன்று பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். அந்த எருமையும் பவுனுவும் ஒரே கொட்டகையில் வருஷக்கணக்காக இருந்தவை. வண்டியில் ஏற்றும்போது பவுனு கனைத்துக்கொண்டே இருந்தது. ரெண்டு நாள் புல்லைத் தொடவில்லை. அப்புறம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். நீ சிம் போட்ட கேமரா ஒன்றை வாங்கிவந்து கொட்டகை மூலையில் மாட்டி, அங்கிருந்தே பார்த்துக்கொள்வேன் என்று போய்விட்டாய். பெற்ற தாயைப் பார்க்க ஒரு கேமரா மாட்டவில்லையே என்று நான்கூட உன்னைக் கிண்டல் செய்தேன்.

அப்புறம் உன் போன்கள் ஆரம்பித்தன. நீ சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்து பார்ப்பாய். பவுனு படுத்திருந்தால் அவ்வளவுதான். "நைனா, பவுனு படுத்துக்கினு கீது, சீக்கிரம் போய்ப் பாரு." அவர் கம்பெனியில் இருந்தால் எனக்கு வரும். நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகும். கை வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன், கயிற்றைப் பிடித்து இழுப்பேன், தட்டுவேன், அதட்டுவேன். அது முட்டி போட்டு, முனகி, எழுந்து நிற்கும். என்னை ஒரு பார்வை பார்க்கும். நீ கேமராவில் பார்த்துவிட்டு, "எழுந்துக்கிச்சி, சரிம்மா" என்று நிம்மதியாக வேலைக்குப் போவாய். எனக்கும் நிம்மதியாக இருக்கும், ஒரு உயிரைக் காப்பாற்றிய மாதிரி. இப்படி எத்தனை தடவை என்று கணக்கு யார் வைத்தார்கள்? நாளாக ஆக அது படுப்பதே நின்றுபோனது. போனும் குறைந்தது. குதிரை நன்றாக இருக்கிறது என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டோம்.

போன கோடையில் அதன் முன்னங்கால்களில், குளம்புக்கு மேலே மடங்கும் இடத்தில், புண் வந்தது. மஞ்சள் பூசினால் ஆறும், மறுபடியும் பிய்ந்துகொள்ளும். யாரோ கல்லால் அடிக்கிறார்கள் என்று நான் தெருவில் நின்று கத்தினேன். நின்றுகொண்டே இருக்கும், திடீரென்று தலை தொங்கி, முன்கால் மடங்கி, தரையில் இடித்துக்கொண்டு விதிர்த்து எழும். வலிப்பு என்று பயந்துபோய் உன் நைனா மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். சின்ன வயசுப் பெண், குதிரை வைத்தியம் தனியாகப் படித்தவள். புண்ணைப் பார்த்துவிட்டு மருந்து எழுதாமல், இது கடைசியாக எப்போது படுத்துத் தூங்கியது என்று கேட்டாள். எங்கள் குதிரை படுக்காதும்மா, படுக்க விடமாட்டோம் என்று உன் நைனா ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி சொன்னார். கூட வேறு ஏதாவது பிராணி இருந்ததா என்று கேட்டாள். எருமையை விற்றதைச் சொன்னேன். அவள் பவுனுவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தமட்டும் சொல்கிறேன். குதிரை நின்றபடி கண் அசரும், அது அரைத் தூக்கம். உடம்பு முழுசாக ஓயும் தூக்கம் அதற்குப் படுத்தால்தான் வரும், தினம் கொஞ்ச நேரமாவது வேண்டும். ஆனால் அது புல் தின்கிற பிராணி, எதிரி வந்தால் ஓடித்தான் பிழைக்க வேண்டும். படுத்துவிட்டால் சட்டென்று ஓட முடியாது என்று அதற்குத் தெரியும். அதனால் காட்டில் கூட்டமாக இருக்கும்போது ஒன்று படுத்தால் இன்னொன்று பக்கத்தில் நிற்குமாம். நம் கொட்டகையில் அந்த எருமைதான் அதற்குத் துணையாக இருந்திருக்கிறது. அதையும் அனுப்பிவிட்டோம். துணையில்லாமல் பயந்து பயந்து படுத்தபோதெல்லாம் அடித்து எழுப்பினோம். வயிற்று வலியில் படுக்கிற குதிரை வேறு, வியர்த்துப் புரளும், வயிற்றைப் பார்க்கும். தூக்கத்துக்குப் படுக்கிற குதிரை சும்மா கிடக்கும். ரெண்டையும் நாங்கள் ஒன்றாக்கிவிட்டோம். "தூக்கமில்லாமதான் விழுந்து விழுந்து எழுந்திரிக்குதும்மா இது" என்றாள் அந்தப் பெண். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவள் போனதும் உன் நைனா உனக்குப் போன் போட்டார். இனிமேல் பவுனு படுத்தால் படுக்கட்டும், எழுப்பக்கூடாது என்று டாக்டர் சொன்னாங்க என்று ஆரம்பித்தார். நீ முழுசாகக் கேட்டாயா? "கல்யாண சவாரி போவலன்னா அது செத்தா போதும்னு நினைக்கிறியா?" என்று கேட்டாய். பதினாறு வருஷமாகக் கம்பெனியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதற்குத் தண்ணீர் காட்டிய மனுஷன்டா அவர். முகம் செத்துப்போய் போனை வைத்துவிட்டார். மறுநாள் பவுனு படுக்கப் போய் முட்டி மடக்கிய நேரம் பார்த்து உன் போன் வந்தது. அந்தச் சத்தத்திலேயே அது விருக்கென்று நிமிர்ந்து நின்றுவிட்டது. அதன் பிறகுதான் அவர் ஏணி போட்டு ஏறி, கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். உனக்கு ஒரு பொய்யும் சொன்னார்.

அடுத்து அவர் செய்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். கம்பெனியில் கேட்டு ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் கம்பெனி வேனில் வந்து இறங்கி, குளித்து, ரெண்டு வாய் தின்றுவிட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றுவிடுவார். நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்தால் அது அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. எழுந்து நின்றால் காதைத் தளர்த்தியது. அதனால் நின்றார். இரும்பு உருக்கும் வெப்பத்தில் இரவெல்லாம் வெந்துவிட்டு வந்த மனுஷன், மத்தியானத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் திட்டித் தீர்த்தேன். அதற்குத் தூக்கம் வரவேண்டும் என்று நீங்கள் தூக்கத்தை விட்டால் யார் உங்களைப் பார்ப்பது என்று கத்தினேன். அவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். முதல் சில நாள் அது படுக்கவேயில்லை. சிப்காட் லாரி ரோட்டில் ஹாரன் அடித்தால் திடுக்கிடும், காக்கை இறங்கினால் திடுக்கிடும்.

ஒருநாள் மத்தியானம் நான் மோர் எடுத்துக்கொண்டு போனபோது, வராதே என்று கையால் தடுத்தார். பவுனு படுத்திருந்தது. கால்களை நீட்டி, கழுத்தைத் தரையில் போட்டு, குழந்தை மாதிரி கிடந்தது. கண்ணிமை துடித்தது. உதடு அசைந்தது. நாலு காலும் மெல்ல மெல்ல அசைந்தன, எங்கேயோ ஓடுகிற மாதிரி. தொண்டைக்குள்ளேயே ஒரு சின்னக் கனைப்பு. இத்தனை வருஷம் நம் வீட்டில் இருந்த குதிரை அது, கனவு காண்கிறதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். நான் அழுதேன். உன் நைனாவும் அழுதார், தூணை விட்டு நகராமல். அதன்பிறகு சாகும்வரை பெரும்பாலான மத்தியானங்களில் அது தூங்கியது. காலில் புண் ஆறியது. கண்ணில் ஒரு தெளிவு வந்தது. அந்த நாட்களை உனக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? கேமராவைத் திருப்பு, பிள்ளை பார்க்கட்டும் என்றேன். பார்த்தால் எழுப்பச் சொல்வான் என்றுவிட்டார்.

ஆனால் வயது வயதுதானே. ஒருநாள் காலையில் எழப் பார்த்தது, பின்னங்கால் வரவில்லை. அந்த டாக்டர் பெண் வந்து பார்த்து, இதயம் அடங்கிக்கொண்டு வருகிறது, தூக்கி நிறுத்தினால் வலிதான் மிஞ்சும், இனிமேல் எழுப்ப வேண்டாம் என்று சொல்லி, வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகுதான் ஊர் ஆட்கள் மூங்கிலோடு வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். உன் நைனா குறுக்கே நின்றார், கும்பிட்டார், கடைசியில் கெட்ட வார்த்தைகூடப் பேசினார். அவர்கள் முறைத்துக்கொண்டு போய் உனக்குச் சொன்னார்கள். பவுனு மத்தியானம் வழக்கமாகத் தூங்குகிற நேரத்தில் தூங்கியது. எப்போது மூச்சு நின்றது என்று பக்கத்திலேயே நின்றவருக்கே தெரியவில்லை. அதன் மேல் ஈ உட்கார்ந்தும் தோல் சிலிர்க்காததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஜே.சி.பி. வைத்து நம் நிலத்து வரப்போரம் குழி எடுத்தோம்.

அன்று நீ கத்தினாய், அவர் ஆமாம் என்றார். ஏன் உண்மையைச் சொல்லவில்லை, அவன் உங்களைக் கொலைகாரன் என்று நினைக்கிறான் என்று நான் சண்டை பிடித்தேன். அவர் காலிக் கொட்டகையைக் கூட்டி முடித்தார். அப்புறம் சொன்னார்: "எம்மேல கோவமாவே இருக்கட்டும்மே. எம்மேல கோவம்னா நா இங்க கீறேன், அவன் அங்க கீறான், வேலையப் பாத்துக்கினு இருப்பான். அவன் மேலயே அவனுக்குக் கோவம் வந்துச்சின்னா எங்க போவான் அவன்? தனியா ரூம்ல கீற புள்ள." உனக்குச் சொல்லவே கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினார்.

அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது உடைக்கிறேன். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும். அவர் உன்னை இன்னும் ஏரிக்கரையில் அழுதுகொண்டு நடந்த பையனாகவே நினைக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. நீ அப்பனாகப் போகிறவன், இதைத் தாங்கித்தான் ஆகவேண்டும். ஒன்று மட்டும் கேள்: நீ போன் செய்தாய், கயிற்றைப் பிடித்து இழுத்தது நாங்கள். மூன்று பேருக்கும் அதன்மேல் உயிர். மூன்று பேருக்கும் அது என்ன பிராணி, அதற்கு என்ன பயம், எப்படித் தூங்கும் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை, அன்பு இருக்கிறதே, அதுவே போதும் என்று இருந்துவிட்டோம். நீ கைக்குழந்தையாக அசந்து தூங்கும்போது மூச்சு இருக்கிறதா என்று பயந்து உன் பாதத்தைக் கிள்ளிப் பார்ப்பேன். நீ வீல் என்று கத்துவாய். தூங்கற பிள்ளையை எழுப்பாதேடி என்று உன் நைனா தலையில் அடித்துக்கொள்வார். உன் பிள்ளை பிறந்ததும் நீயும் கிள்ளத்தான் போகிறாய். கொஞ்சம் பொறுத்துப் பார், மூச்சு வரும்.

உன் நைனாவுக்கு ராத்திரி ஷிப்டு இன்னும் மாறவில்லை, மாற்றிக் கேட்கவும் இல்லை. பகலில் படுக்கிறார், ஆனால் தூங்குவதில்லை. ரொம்ப இளைத்துவிட்டார், நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது வேலு, வெளிப்படையாகவே சொல்கிறேன். நீ என்னோடு பேசி முடித்ததும் தினம் வந்து, "இன்னா சொன்னான்?" என்று கேட்கிறார். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை, வேலை அதிகமாம் என்று ஏதாவது சொல்லிவைக்கிறேன். நாளைக்குப் போன் போடும்போது, நைனாகிட்ட கொடு என்று சொல். மன்னிப்பு எதுவும் கேட்காதே, நீ கேட்டால் அவருக்குத் தாங்காது, நான் சொல்லிவிட்டேன் என்றும் தெரிந்துவிடும். நீ பேசினால் அவர் இதையெல்லாம் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். "சாப்ட்டியாடா?" என்று கேட்பார். அதற்கு ஒரு பதில் சொல்லு, போதும்.

அம்மா